குடிநீர் பில்லும் பாக்கி வசூலும்: பில்லிங் பிரிவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

குடிநீர் அலுவலகத்தின் பில்லிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்தால், முதல் நாளே ஒரு நீளமான பாக்கிப் பட்டியலைக் கையில் கொடுத்து "இதை வசூல் பண்ணப் பாருங்க" என்பார்கள். அந்தப் பட்டியலை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, முதல் வாரம் முழுக்க மீட்டர் ரீடிங் எடுப்பவரோடு தெருத்தெருவாக நடந்து வாருங்கள். இந்த வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாக்கியில் பெரும்பகுதி நம் மேசையிலேயே உருவாகிறது. தப்பான ரீடிங், மூன்று மாதம் கழித்து மொத்தமாகப் போகும் பில், படித்தால் புரியாத தொகை, கட்டிய பணம் கணக்கில் ஏறாமல் போவது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துதான் ஒருவரைக் கட்டாதவர் ஆக்குகின்றன. இவற்றைச் சரிசெய்த பிறகு மீதி இருக்கும் பாக்கிதான் உண்மையான பாக்கி. அதைக் கையாளும் வழியையும் பின்னால் சொல்கிறேன்.

1. இணைப்புப் பதிவேட்டைத் தெருவோடு ஒப்பிடுங்கள்

ஒவ்வொரு இணைப்புக்கும் பதிவேட்டில் இருக்க வேண்டியவை: இணைப்பு எண், முகவரி, உரிமையாளர் பெயர், இப்போது குடியிருப்பவர் பெயர், தொலைபேசி எண், மீட்டரில் பொறித்திருக்கும் வரிசை எண், குழாயின் அளவு, வீட்டு உபயோகமா வணிகமா என்ற வகை, மீட்டர் பொருத்திய நாளும் அன்றைய ரீடிங்கும். இதில் மீட்டர் வரிசை எண்ணைத்தான் பலரும் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மா தொடர்ந்து நான்கு மாதம் கவுண்டருக்கு வந்தார். தனியாக இருப்பவர். அவருக்கு வந்த பில்லோ ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கு வரவேண்டியது. "மீட்டர் காட்டுறதைத்தானே போடுறோம்" என்று நாங்களும் நான்கு மாதம் அதையே சொல்லி அனுப்பினோம். ஐந்தாவது மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டு மீட்டரும் இவருடையதும் ஒரே பெட்டிக்குள் அருகருகே இருந்தன. அவரைச் சமையலறைக் குழாயைத் திறக்கச் சொல்லிவிட்டு மீட்டர்களைப் பார்த்தேன். அவர் பெயரில் இருந்த மீட்டர் அசையவே இல்லை, பக்கத்து மீட்டரின் சக்கரம் சுற்றியது. மீட்டர் மாற்றிய நாளில் யாரோ இரண்டு எண்களையும் இடம் மாற்றி எழுதியிருக்கிறார்கள். அதற்குள் அவர் பெயரில் பாக்கியும் அதன்மேல் தாமதக் கட்டணமும் ஏறியிருந்தன. எல்லாவற்றையும் ரத்து செய்தோம். ஆனாலும் அந்த நான்கு மாதம் அவர் பட்ட அலைச்சல் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அதனால் அடுக்கு வீடுகள், ஒட்டிய வீடுகள், ஒரே பெட்டியில் இரண்டு மூன்று மீட்டர் உள்ள இடங்கள் எல்லாவற்றிலும் இந்தக் குழாய் திறந்து பார்க்கும் சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள். ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

2. ரீடிங் எடுப்பது

ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். அதையே கிலோலிட்டர் என்றும், பேச்சில் யூனிட் என்றும் சொல்கிறோம். பெரும்பாலான மீட்டர்களில் கறுப்பு எண்கள் முழுக் கன மீட்டரையும், சிவப்பு எண்களும் சிறு முள்ளும் அதற்குக் கீழான லிட்டரையும் காட்டும். பில்லுக்குக் கறுப்பு எண்கள் போதும். சிவப்பு எண்ணையும் சேர்த்து எழுதிவிட்டால் பில் பத்து மடங்கு, நூறு மடங்கு ஆகிவிடும்.

கையில் ஒரு ஈரத்துணி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் மண் படிந்திருந்தால் 3 என்பது 8 போலத் தெரியும். எண்ணைப் பார்த்ததும் வாய்விட்டு ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். போன மாதம் 00462, இந்த மாதம் 00487 என்றால் செலவு 25 யூனிட். அவசரத்தில் அதை 00847 என்று எழுதினால் 385 யூனிட். இலக்கம் இடம் மாறும் இந்தத் தவறுதான் அடிக்கடி நடக்கும். முடிந்தால் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பின்னால் சண்டை வந்தால் அந்த ஒரு படம் பத்து நிமிடத்தில் விஷயத்தை முடித்துவைக்கும்.

எண்சக்கரம் ஒரு சுற்று முடித்துத் திரும்பவும் பூஜ்யத்தில் தொடங்கும் மீட்டரையும் கவனியுங்கள். போன ரீடிங் 99985, இப்போது 00012 என்றால் செலவு 27 யூனிட். கணினி அதை மைனஸாகக் காட்டும், அல்லது ரீடிங்கையே ஏற்காது. அதைப் பார்த்துப் பயந்து சராசரி போட்டுவிட வேண்டாம்.

மீட்டர் தப்பாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால் உடனே மறுக்காதீர்கள். பழைய மீட்டர்கள் பெரும்பாலும் குறைத்துத்தான் காட்டும், அதுவும் தண்ணீர் மெல்லிதாகப் போகும்போது. ஆனால் விட்டுவிட்டுத் தண்ணீர் விடும் பகுதிகளில் குழாய்க்குள் காற்று நிறைந்திருக்கும். தண்ணீர் திறக்கும்போது அந்தக் காற்று முன்னால் தள்ளப்பட்டு மீட்டரைச் சுற்றவைக்கும். அப்படிப்பட்ட பகுதியிலிருந்து ஒரே மாதிரிப் புகார் நான்கைந்து வந்தால் அதில் உண்மை இருக்க வாய்ப்பு அதிகம்.

3. பில் போடும் முன் ஒரு வடிகட்டல்

ரீடிங் எல்லாம் வந்ததும் அப்படியே பில் அடித்துவிடாதீர்கள். மூன்று பட்டியல் எடுங்கள்: செலவு பூஜ்யமாக உள்ளவை, மைனஸில் உள்ளவை, வழக்கமான செலவைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போனவை. இந்த மூன்றிலும் இருப்பவர்களுக்குப் பில் போகும் முன் மறு ரீடிங் எடுக்க வேண்டும். பூஜ்யம் என்றால் வீடு பூட்டிக்கிடக்கலாம், மீட்டர் நின்றிருக்கலாம், மீட்டருக்கு முன்பாகவே யாராவது குழாயைத் திருப்பியிருக்கலாம். நேரில் போனால்தான் எது என்று தெரியும்.

வீடு பூட்டியிருந்தால் சராசரி பில் போடுவது வழக்கம். சரி, ஆனால் எந்தச் சராசரி? போன மூன்று மாதச் சராசரியைவிட, போன வருடம் இதே மாதத்தில் எவ்வளவு ஓடியது என்பது நம்பகமானது. வெயில் காலமும் மழைக்காலமும் ஒன்றல்ல. சராசரி என்பதைப் பில்லில் பெரிதாக எழுதுங்கள். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் சராசரி போகக்கூடாது. மூன்றாவது முறை எப்படியாவது உண்மை ரீடிங் எடுத்தாக வேண்டும். ஒரு வருடம் சராசரியிலேயே ஓட்டிவிட்டு, ஒரு நாள் உண்மை ரீடிங் எடுத்து மொத்த வித்தியாசத்தையும் ஒரே பில்லில் போட்டால் எந்தக் குடும்பமும் தடுமாறிப்போகும்.

அடுத்தது நாள் கணக்கு. புதிதாக வருபவர்கள் எளிதில் கோட்டைவிடும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பல ஊர்களில் கட்டணம் அடுக்கு முறையில் இருக்கும். 30 நாளுக்கு முதல் 10 யூனிட் ஒரு விலை, அதற்கு மேல் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் மாதம் சரியாக 10 யூனிட்தான் செலவு. ரீடிங் எடுப்பவர் விடுமுறையில் போனதால் 39ஆவது நாள்தான் ரீடிங் எடுத்தோம். மீட்டர் 13 யூனிட் காட்டுகிறது. அடுக்கை அப்படியே வைத்துக் கணக்குப் போட்டால் 3 யூனிட் இரட்டை விலைக்குப் போகும். அவர் ஒரு சொட்டுகூடக் கூடுதலாகச் செலவழிக்கவில்லை, நாம் தாமதமாகப் போனதற்கு அவர் பணம் கட்டுகிறார். சரியான முறை, அடுக்கையும் நாளுக்கேற்ப நீட்டுவது: 10 யூனிட்டை 30ஆல் வகுத்து 39ஆல் பெருக்கினால் 13. அவருடைய 13 யூனிட்டும் குறைந்த விலையிலேயே அடங்கிவிடும். உங்கள் மென்பொருள் இதைச் செய்கிறதா என்று ஒரு பில்லைக் கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். செய்யவில்லை என்றால் முதல் வேலையாக மேலதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள்.

4. பில் தாளில் என்ன இருக்க வேண்டும்

கட்ட வேண்டிய தொகையும் கடைசித் தேதியும் மேலேயே, பெரிய எழுத்தில். அதற்குக் கீழே போன ரீடிங், இந்த ரீடிங், இரண்டின் தேதிகள், செலவான யூனிட். பழைய பாக்கியையும் தாமதக் கட்டணத்தையும் இந்த மாதக் கட்டணத்தோடு கலக்காமல் தனித்தனி வரியில் காட்டுங்கள். எங்கே, எப்படிக் கட்டலாம், சந்தேகம் இருந்தால் யாரைக் கூப்பிடலாம் என்பவையும் வேண்டும்.

பில் போய்ச் சேரும் நாளுக்கும் கடைசித் தேதிக்கும் நடுவில் குறைந்தது இரண்டு வாரமாவது இருக்கட்டும். பில் அச்சான நாளிலிருந்து எண்ணி, கைக்குக் கிடைக்கும்போது மூன்று நாள்தான் மிச்சம் என்றால் அந்தத் தாமதத்துக்கு நாம்தான் பொறுப்பு.

5. வந்த பணத்தை அன்றைக்கே கணக்கில் ஏற்றுங்கள்

கவுண்டர், வங்கி, ஆன்லைன் என்று மூன்று வழியில் பணம் வரும். ஒவ்வொரு நாள் மாலையும் மூன்றையும் தனித்தனியாகக் கூட்டி, கணினியில் ஏறிய தொகையோடு ஒப்பிடுங்கள். இணைப்பு எண்ணைத் தப்பாகப் போட்டுக் கட்டியவர்களின் பணம் ஆளில்லாத பணமாகத் தனிக் கணக்கில் கிடக்கும். அதை வாரம் ஒருமுறையாவது தேடி உரியவர் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். பணம் கட்டியவருக்கு நோட்டீஸ் போவதைவிட நம் மீதுள்ள நம்பிக்கையைக் கெடுக்கும் விஷயம் வேறில்லை.

பணம் வாங்குபவரும் பில்லைத் திருத்துபவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. எந்தத் திருத்தத்துக்கும் காரணமும் இன்னொருவர் கையெழுத்தும் வேண்டும். உங்கள் நேர்மையில் யாருக்கும் சந்தேகம் வராமல் காப்பதும் இந்த ஏற்பாடுதான், அதனால் சங்கடப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

ஒருவர் பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டினால் அதை எதில் கழிப்பது? சில அலுவலகங்களில் முதலில் தாமதக் கட்டணத்தில் கழிப்பார்கள். அப்படிச் செய்தால் அவர் எத்தனை முறை கட்டினாலும் அசல் குறையாது, அசலின்மேல் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். உங்கள் விதி இடம் கொடுத்தால், பழைய அசலில் முதலில் கழியுங்கள். தாமதக் கட்டணத்தையும் அசலின்மேல் மட்டுமே போடுங்கள். மாதம் ஒன்றரை சதவீதம் அசலின்மேல் மட்டும் என்றால் வருடத்துக்கு 18 சதவீதம். வட்டிக்கு வட்டியாகப் போட்டால் அது 19.56 ஆகிவிடும்.

6. கடைசித் தேதி தாண்டியவர்களை அணுகுவது

பாக்கிப் பட்டியலை இப்போது இழுப்பறையிலிருந்து எடுக்கலாம். அதை வயதுவாரியாகப் பிரியுங்கள்: 30 நாள் வரை, 31 முதல் 60, 61 முதல் 90, அதற்கு மேல். பிறகு ஒவ்வொரு பிரிவையும் தொகைவாரியாகப் பெரியதிலிருந்து அடுக்குங்கள். மேலே வந்து நிற்பவை பல இடங்களில் பெரிய வணிக இணைப்புகளும் நிறுவன இணைப்புகளுமாக இருக்கும். ஆளும் நேரமும் குறைவாக இருக்கும்போது நூறு சின்ன வீடுகளுக்கு நோட்டீஸ் எழுதுவதைவிட, அந்தப் பத்து பெரிய இணைப்புகளின் கணக்குப் பிரிவில் நேரில் போய் உட்கார்வதுதான் பலன் தரும்.

நினைவூட்டலுக்கு ஒரு கால வரிசை வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்னால் ஒரு குறுஞ்செய்தி. தேதி தாண்டி ஐந்து நாள் ஆனதும் இன்னொன்று. மறந்துபோனவர்களில் பெரும்பாலோர் இதற்குள்ளேயே கட்டிவிடுவார்கள். 15ஆவது நாள் கடிதம். 30ஆவது நாள் தொலைபேசி, எடுக்கவில்லை என்றால் நேரில் ஒருவர். 45ஆவது நாள் இறுதி நோட்டீஸ். உங்கள் ஊரின் சட்டவிதி வேறு கெடு சொன்னால் அதுதான் செல்லும்.

தொலைபேசியில் பேசும்போது தொகையில் தொடங்காதீர்கள். "வணக்கம், குடிநீர் அலுவலகத்திலிருந்து பேசுகிறேன். போன மாத பில் உங்களுக்குக் கிடைத்ததா?" என்று கேளுங்கள். கிடைக்கவில்லை, தொகை தப்பு, கட்டியாகிவிட்டது, இப்போது பணமில்லை என்று நான்கில் ஒரு பதில் வரும். ஒவ்வொன்றுக்கும் அடுத்த வேலை வேறு என்பதால், அந்தப் பதிலைத் தேதியோடு கணக்கில் குறித்துவையுங்கள். மறுநாள் இன்னொரு ஊழியர் அதே வீட்டுக்குப் போன் போட்டு முதலிலிருந்து கேட்டால் யாருக்கும் கோபம் வரும். அப்புறம், பாக்கிக்காரர் பெயரைப் பொது இடத்தில் எழுதி ஒட்டுவது, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வருவது எல்லாம் கூடவே கூடாது.

7. தவணை

பணமில்லை என்று சொல்பவரிடம் "மாதம் எவ்வளவு முடியும்?" என்று கேட்பதுதான் அடுத்த படி. ஆறு மாத பில்லுக்குச் சமமான பாக்கி என்றால், அதைப் பன்னிரண்டு மாதமாகப் பிரித்தால் மாதம் அரை பில். நடப்பு பில்லோடு சேர்த்து மாதம் ஒன்றரை பில் கட்டுகிறார். இதையே மூன்று மாதத்தில் முடிக்கச் சொன்னால் மாதம் மூன்று பில் ஆகும், ஒரு பில்லே கட்ட முடியாதவரால் அது நடக்காது. நடப்பு பில்லை விடாமல் கட்ட வேண்டும் என்பதுதான் தவணையில் விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனை. ஒப்புக்கொண்ட நாளிலிருந்து தவணை ஒழுங்காக வரும்வரை தாமதக் கட்டணத்தை நிறுத்திவையுங்கள். எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, அவருக்கு ஒரு நகல் கொடுங்கள்.

ஒரு தவணை தவறியதும் ஒப்பந்தத்தை முறித்துவிடாதீர்கள். ஒரு போன் போட்டுப் பாருங்கள். வேலை போயிருக்கலாம், வீட்டில் யாராவது மருத்துவமனையில் இருக்கலாம்.

8. கசிவால் வந்த பெரிய பில்

நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசிந்தால் பார்க்கச் சின்னதாகத்தான் இருக்கும். நாளுக்கு 1,440 லிட்டர், முப்பது நாளில் 43 யூனிட். புகாரோடு வருபவருக்கு இந்தச் சோதனையைச் சொல்லிக்கொடுங்கள்: இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, சிவப்பு எண் வரை குறித்துக்கொண்டு படுக்க வேண்டும். காலையில் யாரும் தண்ணீரைத் தொடும் முன் திரும்பப் பார்க்க வேண்டும். எண் மாறியிருந்தால் கசிவு இருக்கிறது. கழிப்பறைத் தொட்டி சந்தேகம் என்றால் அதில் கொஞ்சம் சாயம் கலந்து, அரை மணி நேரம் தண்ணீர் இழுக்காமல் விட வேண்டும். பீங்கானில் நிறம் தெரிந்தால் அங்கேதான் ஒழுகுகிறது.

கசிவைச் சரிசெய்த ரசீதைக் காட்டுபவருக்கு, அந்த மாதக் கூடுதல் செலவில் சலுகை கொடுக்க உங்கள் அலுவலகத்தில் விதி இருக்கிறதா என்று பாருங்கள். புகார் தீரும்வரை தகராறுக்கு உள்ளான தொகையைத் தனியே நிறுத்திவைத்து, வழக்கமான அளவுக்கு மட்டும் கட்டச் சொல்லலாம்.

9. துண்டிப்பு

தண்ணீரை மற்ற சேவைகளைப் போல எண்ணிவிட முடியாது. பாதுகாப்பான குடிநீரை மனித உரிமையாக ஐ.நா. பொதுச்சபை 2010இல் தீர்மானம் போட்டு ஏற்றது. பாக்கிக்காக வீட்டு இணைப்பைத் துண்டிப்பதை இங்கிலாந்தும் வேல்ஸும் 1999இல் சட்டம் போட்டே தடைசெய்தன. உங்கள் விதி துண்டிப்பை அனுமதித்தாலும், வீட்டு இணைப்புகளில் அதைக் கடைசிக்கும் கடைசியாக வையுங்கள். முழுக்க மூடுவதற்குப் பதில் நீரோட்டத்தைக் குறைக்க வழி இருந்தால், சட்டம் இடம் கொடுக்கும் ஊரில் அதை முதலில் யோசியுங்கள். அப்போதும் குடிக்க, சமைக்க, கைகழுவப் போதுமான தண்ணீர் வர வேண்டும். ஒருவருக்கு அடிப்படைத் தேவைக்கு மட்டும் நாளுக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

வால்வை மூடப் போகும் நாளில் செய்ய வேண்டியவை: காலையில் கிளம்பும் முன் அன்றுவரை வந்த பணத்தைப் பாருங்கள். தகராறு நிலுவையில் உள்ள கணக்கையும், ஒழுங்காகக் கட்டிவரும் தவணைக் கணக்கையும் பட்டியலிலிருந்து நீக்குங்கள். வெள்ளிக்கிழமையோ விடுமுறைக்கு முந்தின நாளோ வேண்டாம், மறுநாள் பணம் கட்டினாலும் திறந்துவிட ஆள் இருக்காது. கதவைத் தட்டிச் சொல்லுங்கள். கைக்குழந்தை, படுத்த படுக்கையாக இருப்பவர், வீட்டிலேயே டயாலிசிஸ் செய்பவர் இருந்தால் வால்வைத் தொடாமல் திரும்பி வந்து மேலதிகாரியிடம் சொல்லுங்கள். மூடினால் அன்றைய ரீடிங்கை எழுதி, படமும் எடுங்கள். பணம் வந்த அன்றே திறந்துவிடுங்கள், அப்போதும் ரீடிங் எழுதுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது யாரோ திறந்திருக்கிறார்கள்.

10. மாதக் கடைசி

கேட்பு (பில் போட்டுக் கேட்ட தொகை), வசூல், நிலுவை என்ற மூன்று பத்தியை நடப்புக்கும் பழையதற்கும் தனித்தனியாகப் போடுங்கள். இந்த மாதக் கேட்பு ஒரு லட்சம், வசூல் தொண்ணூற்றைந்தாயிரம் என்றால் 95 சதவீதம், நன்றாகத்தான் தெரியும். அந்த வசூலில் முப்பதாயிரம் பழைய பாக்கி என்றால் நடப்பு வசூல் 65 சதவீதம்தான். அதாவது இந்த மாதம் மட்டும் முப்பத்தைந்தாயிரம் புதுப் பாக்கி சேர்ந்திருக்கிறது. கலந்து காட்டினால் இது யார் கண்ணிலும் படாது.

இடிக்கப்பட்ட வீடு, வாரிசு இல்லாமல் இறந்தவர் என்று வசூலாகவே வாய்ப்பில்லாத கணக்குகளைத் தனிப் பட்டியலாக்கி, முறைப்படி தள்ளுபடிக்கு அனுப்புங்கள். அவற்றைச் சுமந்துகொண்டே இருந்தால் வசூலாகக்கூடிய பாக்கி எவ்வளவு என்பதே தெரியாமல் போகும். அனுப்பும் முன் அந்த இடத்துக்கு ஒருமுறை போய், மீட்டர் இன்னும் இருக்கிறதா, குழாய் முனை அடைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தள்ளுபடி ஆன பிறகும் கோப்பைப் பத்திரமாக வையுங்கள், அந்த இணைப்பு எண்ணை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம்.